மணலில் எடுத்த அளவு

ஊரில் பாதிப் பெண்களின் முதுகு எனக்குத் தெரியும். தலத்தெருவில் வீட்டு முன்னறையிலேயே மெஷினைப் போட்டு வெகுகாலமாக ஜாக்கெட் தைக்கிறேன். யாருக்கு ஒரு தோள் இறக்கம், யாருக்குக் கழுத்துக்குக் கீழே மேடு, யார் லேசாகக் கூன் போட ஆரம்பித்திருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். வாய்திறந்து சொல்ல மாட்டேன். துணியில் அதற்கேற்ற மாதிரி விட்டு வெட்டிக்கொள்வேன். இப்படி ஊரார் முதுகுக்கெல்லாம் ஈடுகட்டிக்கொண்டிருந்தவளுக்கு, தனக்கும் ஒரு முதுகு இருப்பது அது வலிக்க ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

வலி இடுப்புக்குச் சற்று மேலே. பகலில் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஏதோ சமாளித்துவிடுவேன். படுக்கைதான் என் எதிரி. படுக்கும்போது சும்மா இருந்துவிட்டு, காலையில் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளும். முதலில் ஒருக்களித்து, பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, சுவரோடு சுவராகவே அடுப்படி வரை போய்ச் சேருவேன். "பல்லி மாதிரி செவுத்தோட போறியே புள்ள" என்பார் என் வீட்டுக்காரர். அந்த நேரத்தில் கையில் கரண்டி இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

அவர் திருவேட்டக்குடிக்காரர். தம்பியோடு சேர்ந்து ஒரு ஃபைபர் போட் வைத்திருக்கிறார். கடலுக்குப் போகிற நாளில் விடிவதற்கு முன்னாலேயே பைக்கில் கிளம்பிக் கரைக்குப் போய்விடுவார். நான் கோட்டுச்சேரிப் பக்கம், வயல்காட்டுக் குடும்பம். எங்கள் கல்யாணப் பேச்சின்போது இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். "அவங்க வீட்டுல சோறு, எங்க வீட்டுல மீனு, ரெண்டும் சேந்தாதான் சாப்பாடு" என்று இவர் என் அப்பாவிடமே போய்ச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படி மறுப்பது?

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தாம்மா இருக்கு. படுக்கையை மாத்திப் பாருங்க" என்றார். மாற்றினேன். இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிவிட்டுப் பாய் போட்டேன். பாயைச் சுருட்டிவிட்டுப் பலகையில் படுத்தேன். ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருத்தி தலையணையே வேண்டாம் என்றாள், அடுத்தவள் இரண்டு வைக்கச் சொன்னாள். எல்லோருக்கும் தலையாட்டினேன். முதுகு மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.

அப்புறம் மாப்பிள்ளை ஆன்லைனில் ஒரு டாப்பர் அனுப்பிவைத்தார். மெத்தைக்கு மேலே விரித்துக்கொள்ளும் மெல்லிய மெத்தை அது. சுருட்டி, காற்றை உறிஞ்சி, ஒரு தூண் மாதிரி வந்து இறங்கியது. கவரைக் கிழித்ததும் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டு உப்ப ஆரம்பித்தது. கையை வைத்து அழுத்தினால் கை பதிந்து, மெதுவாக மறையும். அதிலேயே ரொம்ப நேரம் விளையாடினேன். படுத்துப் பார்த்தபோது விளையாட்டு முடிந்துவிட்டது. கனமான இடுப்பு சேற்றில் இறங்குவது போல உள்ளே இறங்க, முதுகு நடுவில் தொங்கியது. போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகு முழுக்க வியர்வை. மறுநாள் சுவர்கூடப் போதவில்லை, இவர் தோளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மயிலாடுதுறையிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார். என் மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். எங்களுக்கு ஒரே பெண், தலைப்பிரசவம். வளைகாப்புப் போட்டு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்று நான் மனசுக்குள் அறையெல்லாம் ஒழித்து வைத்துவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி" என்று ஆரம்பித்தார். "உங்களுக்கு முதுகு இப்படி இருக்கயில பச்சப் புள்ளய யாரு கால்ல போட்டுக் குளிப்பாட்டுறது? பிரசவம் இங்கயே இருக்கட்டும். நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க."

அப்பப்ப வந்து பார்த்துவிட்டுப் போக நான் என்ன கரண்டு மீட்டர் பார்க்கிறவளா? வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கணுக்கால் மேல் குழந்தையைப் போட்டு, குனிந்து குனிந்து வெந்நீர் ஊற்ற வேண்டும். என்னால் ஒரு குடத்தைக் குனிந்து எடுக்க முடியாது. "யோசிச்சுச் சொல்றேங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, மெஷினில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் பாதி, மீதி பயம். என் பேரப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட முடியாமலே போய்விடுமோ என்கிற பயம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் கடலுக்குப் போகவில்லை. வலை கிழிந்திருந்தது, கரையிலேயே உட்கார்ந்து தைக்க வேண்டும். வீட்டில் தனியாக இருந்தால் நான் அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, பைக்கில் ஏற்றித் திருவேட்டக்குடிக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஒரு திட்டுத் திட்டினேன்.

காலை வெயில் இன்னும் ஏறவில்லை, மணலில் ஈரம் இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. போட் நிழலில் துண்டை விரித்து அப்படியே சாய்ந்தேன்.

"இந்தா, காலைக் கடல் பக்கம் நீட்டாத. திரும்பிப் படு."

"முதுகு வலியில சாவுறேன். உங்களுக்குத் திசை ஒரு கேடா?"

"எங்கம்மா இருந்தா முதுகுலயே ஒண்ணு வச்சிருக்கும். திரும்பிப் படு புள்ள."

அவர்கள் வீட்டில் அது ஒரு பழக்கம். சோறு போடுகிற கடல், அதன் முகத்துக்கு நேரே காலை நீட்டக்கூடாது. கல்யாணமான புதிதில் இதற்காக மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முனகிக்கொண்டே திரும்பி, தலையைக் கடல் பக்கமும் காலை ஊர் பக்கமும் வைத்துப் படுத்தேன். திரும்பிய வேகத்தில் துண்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. அதை இழுத்துப் போடக்கூடத் தெம்பில்லை.

தூங்கிவிட்டேன். சாதாரணத் தூக்கமா அது! முகத்தில் வெயில் அடித்துத்தான் விழித்தேன். எழுந்து உட்கார்ந்தேன், பிறகு நின்றேன், புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. வலி இல்லை. எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். நான் படுத்திருந்த இடத்தில் நான் இருந்தேன்.

தலைக்கு ஒரு சின்னக் குழி. தோள்பட்டை இரண்டும் அகலமாக, ஆழமில்லாமல் பதிந்திருந்தன. இடுப்பு ஆழமாக இறங்கியிருந்தது. ஆனால் இடுப்புக்கு மேலே, எனக்கு வலிக்கிற அதே இடத்தில், பள்ளமே இல்லை. மணல் அங்கே மேடாக எழும்பி நின்றது. மற்ற இடத்திலெல்லாம் வழிவிட்ட மணல் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் தானாக வந்து முட்டுக் கொடுத்திருக்கிறது. எத்தனை முதுகை அளந்தவள் நான்! என் முதுகை நான் பார்த்ததே இல்லையே! நிற்கிற உடம்பைத்தான் நான் அளந்திருக்கிறேன். படுத்த உடம்பை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியாது. மணலுக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்காமலே என் அளவை எடுத்து, அப்படியே வைத்திருந்தது.

"யாரும் மிதிச்சிடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இவர் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பாம்பு என்று நினைத்தாராம்.

"என்ன புள்ள, என்ன?"

"அளவு ஜாக்கெட்டுங்க! என் முதுகுக்கு அளவு ஜாக்கெட்டு!"

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால் ஆளே வேண்டாம். இப்போது என் கண்ணெதிரே அது மணலில் கிடந்தது. கைப்பையில் எப்போதும் டேப் இருக்கும். இவர் ஒரு துடுப்பைக் கொண்டுவந்து குழிக்குக் குறுக்கே பாலம் மாதிரி வைத்தார். அதிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு ஒவ்வொரு இடமாக ஆழம் பார்த்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் போனில் குறித்துக்கொண்டேன். பக்கத்துப் போட்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க தங்கச்சி, மனை வாங்கப் போறீங்களா?" என்றார். "ஆமாண்ணே, ஒரு ஆளு படுக்குற மாதிரி" என்றேன். அன்று யார் என்ன கிண்டல் செய்தாலும் எனக்குக் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை அனுப்பிய டாப்பரை வெட்டு மேஜையில் போட்டேன். கத்தரிக்கோலை எடுத்தபோது இவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "புதுசு புள்ள" என்றார். புதுத் துணியை வெட்டித்தானே நான் பிழைக்கிறேன்? தோளுக்கு ஒரு துண்டு, முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று எனக் குறுக்காக வெட்டினேன். தோளிடத்தைக் கொஞ்சம் சீவினேன். இடுப்பிடத்தை அப்படியே மெத்தென்று விட்டேன். முதுகு மேடுதான் சிக்கல். சோஃபா தைக்கும் கடையில் கெட்டி ஃபோம் வாங்கி வைத்தால் செங்கல் மாதிரி இடித்தது, பஞ்சு வைத்தால் அமுங்கிவிட்டது.

"வலையை மடிச்சு வச்சுப் பாப்பமா?" என்றார் இவர். போட்டில் வலைக் குவியல் மேல் சாய்கிறபோது அவருக்கு முதுகு வலித்ததே இல்லையாம். நைந்துபோன நைலான் வலை ஒன்றை அலசிக் காயவைத்துக் கொண்டுவந்தார். எத்தனை தண்ணீரில் அலசினாலும் அதிலிருந்து கடல் வாசம் போகவில்லை. மடிப்பு மடிப்பாக வைத்து அழுத்தினால், கொஞ்சம் இறங்கி, பிறகு நின்று எதிர்த்தது. காற்றும் உள்ளே போய் வந்தது. என் பழைய நூல் புடவைகளில் தடுப்பு வைத்து உறை தைத்து, அறை அறையாக எல்லாவற்றையும் அடைத்தேன். வேண்டும்போது பிரித்துக் கூட்டிக் குறைக்கலாம் என்று ஒவ்வொரு அறையின் வாயிலும் கொக்கி வைத்தேன், ஜாக்கெட் கொக்கியேதான்.

விரித்துப் படுத்தேன். காலையில் எழுந்தேன். அதே வலி.

ஆழத்தையெல்லாம் மறுபடி சரிபார்த்தேன். நூலிழை பிசகவில்லை. ஒரு மடிப்புக் கூட்டினேன், குறைத்தேன், இடுப்புத் துண்டை மாற்றினேன். பிரித்துத் தைத்துப் பிரித்துத் தைத்து, கடைசியில் எனக்குக் கெட்ட கோபம் வந்துவிட்டது. மாப்பிள்ளையைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், மணலைக்கூடத் திட்டினேன். என் கையால் தைத்த ஒன்று எனக்கே பொருந்தவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. சம்பந்தியம்மா மறுபடி போன் செய்து, "என்ன முடிவு பண்ணீங்க?" என்று பொறுமையாகக் கேட்டார். "இன்னும் ரெண்டு நாள் குடுங்க" என்றேன். கேட்கும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மனசு ஆறாமல் அன்று சாயங்காலம் மறுபடி இவரோடு கரைக்குப் போனேன். போட்டை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் எல்லோரும் தோள் கொடுத்து, மூச்சுப் பிடித்து, கத்திக் கத்தித் தள்ளினார்கள். வலையில் கட்டும் மிதவை உருண்டை ஒன்று போட்டிலிருந்து விழுந்தது. விழுந்தது மணலில் நிற்கவில்லை. மெதுவாக உருண்டது. யாரும் தொடாமல், காற்றுகூட இல்லாமல், தானே உருண்டு தண்ணீருக்குப் போய்விட்டது.

நான் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க, கரை சரிவுங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"அன்னிக்கு நான் தலையைக் கடல் பக்கம் வச்சுப் படுத்தேன். அப்படின்னா காலு மேட்டுல இருந்திருக்கு. நாம அதைக் கட்டிலுல சமமா விரிச்சு வச்சிருக்கோம்!"

துடுப்பைக் குழியின் குறுக்கே வைத்து ஆழம் பார்த்தோமே தவிர, குழி இருந்த தரை எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. இவர் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "தெனம் போட்டை மேட்டுக்கு இழுத்து இழுத்துத் தோளு காச்சுப் போச்சு எனக்கு. இது சரிவுன்னு எனக்குத் தோணலியே புள்ள!" பிறந்ததிலிருந்து நடக்கிற கரை. வேறு ஊர்க்காரன் யாராவது வந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலைக் கடலுக்கு நீட்டாதே என்று இவர் மட்டும் அதட்டியிருக்காவிட்டால் நான் முதலில் சாய்ந்த மாதிரியே படுத்திருப்பேன். கால் கீழே, தலை மேலே. வலி போயிருக்காது. அந்தப் பேச்சை இவருக்குச் சொன்னது என் மாமியார். அவருக்கு யார் சொன்னார்களோ, அவர்களுக்கு யாரோ. அவர்கள் யாரும் என் முதுகை நினைத்து அதைச் சொல்லவில்லை. முதுகுக்கு நல்லது என்று தெரிந்து சொன்னதாகவும் நான் கதை கட்ட மாட்டேன். கடலுக்குக் கொடுத்த மரியாதை அது, அவ்வளவுதான். அந்த மரியாதை எங்கெங்கோ சுற்றி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் இடுப்பில் இறங்கியிருக்கிறது. இதற்கு நான் என்ன பெயர் வைப்பது? உயிரோடு இருந்தபோது அந்த மாமியாரோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. கடல் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து கால் அறையின் கொக்கியைக் கழற்றினேன். தொடைக்குக் கீழே ஆரம்பித்து, பாதம் வரை படிப்படியாக ஏறுகிற மாதிரி வலையை மடித்து அடுக்கினோம். இவர் மடிக்க, நான் தைக்க.

மறுநாள் காலையில் எழுந்து அடுப்படிக்குப் போய், பால் காய்ச்சி, டம்ளரில் ஊற்றிய பிறகுதான் சுவரைத் தொடவே இல்லை என்பது உறைத்தது. இவர் அதற்குள் கடலுக்குப் போயிருந்தார். சொல்ல ஆளில்லை. ஒரு நாள் நடந்தது மறுநாளும் நடக்குமா என்று பொறுத்துப் பார்த்தேன், நடந்தது. அந்த வாரம் முழுவதும் பார்த்தேன். பிறகு கீழே வைத்திருந்த குடத்தைக் குனிந்து தூக்கிப் பார்த்தேன். பிறகுதான் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அறை ஒழிச்சு வச்சாச்சுங்க. வளைகாப்புக்கு நாள் பாருங்க."

"முதுகு?"

"நீங்க வந்து பாருங்க, உங்களையே தூக்குறேன்."

நல்ல மனுஷி, சிரித்துவிட்டார். மகள் கை நிறைய வளையலோடு வந்து சேர்ந்தாள்.

வந்த சில நாளிலேயே அவளுக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. மாசம் ஏற ஏறப் படுத்தால் பொறுக்கவில்லை, புரண்டுகொண்டே இருந்தாள். பெருமையோடு என் மெத்தையை அவள் கட்டிலில் விரித்தேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இது உனக்குத் தச்சதும்மா. எனக்கு எல்லாம் தப்புத் தப்பான எடத்துல இடிக்கிது."

சரிதானே! அடுத்தவள் ஜாக்கெட் இவளுக்கு எப்படிப் பொருந்தும்? அளவெடுக்க வேண்டியதுதான். வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாமா என்று எனக்கே யோசனை. காலை நேரம்தானே என்று இவர் ஆட்டோ கூப்பிட்டார். கரையில் இறங்கியதும் மகள் யாரும் சொல்லாமலே தலையைக் கடல் பக்கம் வைத்து, இடது கையை மடித்துத் தெற்கே பார்த்துப் படுத்தாள். அவள் அப்பா வீட்டுப் பழக்கம் அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து காவல் இருந்தோம்.

அவள் எழுந்ததும் இவர் துடுப்பை வைத்தார். தோள், விலா, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக டேப்பை விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"இது என்ன புள்ள?"

பார்த்தேன். விலாவுக்கும் இடுப்புக்கும் முன்னால், தனியாக ஒரு பள்ளம். வழவழவென்று, வட்டமாக. வயிறு சாய்ந்திருந்த இடம். பேரப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, அதன் முகம் எங்களில் யாருக்கும் தெரியாது. அதற்குள் மண்ணில் தன் பாரத்தை வைத்துவிட்டிருந்தது.

இவர் டேப்பைக் கீழே வைத்துவிட்டார். மகள் வயிற்றைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். நான் குனிந்தேன். எதையும் பிடிக்காமல் மணல் வரைக்கும் குனிந்து, கையை விரித்து அந்தப் பள்ளத்தில் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை, சரியாக ஒரு சாண்.

விரலை மடக்காமல், அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்டோ வரை நடந்தேன்.